திருவிருந்துக்கு எழுந்திருக்காத அம்மா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் தொடங்கி, மாத்திரையில் வளர்ந்து, பேரப்பிள்ளைகளிடம் போய் நிற்கிறது. போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கேக் வெட்டப் போகிற நேரத்தில் எதிரே இருந்தவர், "நம்ம அப்பா அம்மா காலத்துல பட்டுனு மன்னிச்சு விட்டுருவாங்க. இப்ப எவன் மன்னிக்கிறான்?" என்றார். மேசையே தலையாட்டியது. நான் மட்டும் ஆட்டவில்லை. பட்டென்று மன்னிக்கத் தெரியாத ஒருவரின் மகள் நான். அந்த அம்மாவைப் பற்றி இந்த வயதிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பேசுகிறேன். விருந்தில் சொல்ல முடியவில்லை, மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். உங்களில் பலர் அப்படிப்பட்ட வரிசை வீட்டில் வளர்ந்திருப்பீர்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகாது. மேலே திறந்தே கிடக்கும். அடுத்த வீட்டில் நெத்திலி பொரிந்தால் நமக்குப் பசிக்கும். நம் வீட்டில் அடி விழுந்தால் அவர்கள் வீட்டுப் பூனை ஓடும். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துணிக்கொடி. வெள்ளைத் துணி காயப்போட்டால் ரயில் புகை அதன் மேல் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு வைத்துவிட்டுப் போகும்.

அந்த வரிசையில் ஆளுக்கொரு சொல் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம். அப்பா ரயில்வேயில் இருந்ததால் எதற்கும் "கைகாட்டி விழுந்தாச்சு" என்பார். சோறு வெந்தாலும் கைகாட்டி விழுந்தாச்சு, பள்ளிக்கூடம் போக நேரமானாலும் கைகாட்டி விழுந்தாச்சு. அடுத்த வீட்டு ஆன்டிக்கு எல்லாப் பேச்சும் "கர்த்தருக்குத் தெரியும்" என்றுதான் முடியும். மழை வருமா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

ஆன்டியும் நாங்களும் ஒரே சபை. அவருக்கும் அப்பாவோடு ரயில்வேயில் இருந்த அங்கிளுக்கும் பிள்ளைகள் இல்லை. என் தம்பி நடக்கப் பழகும்வரை தரையில் இருந்ததைவிட ஆன்டி இடுப்பில் இருந்ததுதான் அதிகம். அம்மா அவரை அக்கா என்பார். அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். சொந்தம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு மூன்று வயது நடந்த அந்த டிசம்பரில், வழக்கம்போல இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் பலகாரம் ஆன்டியின் அடுப்படியில் சுட்டார்கள். முறுக்கு முடிந்து அச்சு முறுக்குக்கு மாவு கரைக்கிற நேரம். தேங்காய்ப் பால் போதவில்லை என்று அம்மா முனைக் கடைக்குப் போனார். "புள்ளையப் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் வெளியே குழாயடியில் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. தம்பியின் வலது கை முழங்கை வரைக்கும் எண்ணெயில் போய்விட்டது.

தேங்காய்ப் பாலைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா முதலில் பிள்ளையைத் தூக்கினார். தூக்கும்போதே தரையைப் பார்த்தார். சமையற்கட்டில் தரைவிரிப்பாகப் போட்டிருந்த லினோலியத்தில் வட்டமாக ஒரு பொசுங்கல். சட்டியை யாரோ அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருக்கிறார்கள் என்பது அதைப் பார்த்த யாருக்கும் தெரியும். அந்த வீட்டில் அந்த நேரம் இருந்த பெரியவர் ஒருவர்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், சபையில் கேட்டபோதும் ஆன்டி வேறு மாதிரி சொன்னார். சட்டி அடுப்பு மேல்தான் இருந்தது, பையன் முக்காலியில் ஏறி இழுத்துவிட்டான், அடக்கமில்லாமல் வளர்ந்த பிள்ளை, என்ன செய்வது. அடுத்த நாள் அந்த லினோலியமும் அங்கே இல்லை.

பொய் பெரியது இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். கை வெந்தது வெந்ததுதானே. ஆனால் சபையில் ஒவ்வொருவராக வந்து அம்மாவிடம், பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டுப்போட்ட கையோடு தம்பி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்கள். அம்மா எல்லாருக்கும் "சரிங்க" என்றார். ஒருவரிடமும் அந்தப் பொசுங்கல் வட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பிறகு அப்பா வற்புறுத்தியதில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆன்டியைப் பார்த்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்கல அக்கா" என்றும் சொன்னார். வார்டில் வேலை பார்த்த மலாய்க்கார மாச்சேக், அத்தை வயதுப் பெண் ஒருவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "சாபார்லா, சாபார்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். பொறுத்துக்கொள் என்று அர்த்தம். என்ன நடந்தது என்றே தெரியாத அவருக்குத்தான் அன்றைக்கு விஷயம் தெரிந்திருந்தது.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். பின்னாலிருந்து வரிசை வரிசையாக எழுந்து, செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போய் முழங்காலிட்டு, அப்பமும் சின்னக் கிளாஸில் திராட்சை ரசமும் வாங்கிக்கொள்வார்கள். திருவிருந்துக்குத் தகுதி தருகிற திடப்படுத்தல் இன்னும் எடுக்காத பிள்ளைகள் நாங்கள் பெஞ்சிலேயே இருப்போம். போவதற்கு முன் போதகர் ஒன்று சொல்வார்: யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று. எல்லா மாதமும் சொல்வார், எல்லாரும் எல்லா மாதமும் எழுந்து போவார்கள். அது ஒரு வழக்கம்.

ஜனவரியில் எங்கள் வரிசை எழுந்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்காலைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விட்டார். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நேரம் முழுக்கத் தம்பியைச் சமாளிக்க வேண்டியது என் வேலை. இன்றைக்கு அம்மாவே கூட இருக்கிறாரே. திரும்பி வந்த பெண்கள் குனிந்த தலையோடு அம்மாவைக் கடந்து போனார்கள். தலைதான் குனிந்திருந்தது, கண் குனியவில்லை.

பிப்ரவரியிலும் அப்படியே. பேச்சு கிளம்பிவிட்டது. என்ன பாவமோ, வெளியே சொல்ல முடியாததாக இருக்கும் என்றார்கள். இன்னொரு பக்கம், அது பெருமை, தான் மட்டும் நீதிமான் என்கிற நினைப்பு என்றார்கள். வீட்டு ஜெபக் கூட்டத்தில் அம்மாவை ஜெபிக்கச் சொல்வது நின்றது. ஆன்டியோ ஒழுங்காக எழுந்து போய் முழங்காலிட்டு வந்தார்.

அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். அவருக்கு இது பெரிய தலைகுனிவு. மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லியாகிவிட்டது, அப்புறம் போய் முழங்கால் போட என்ன கஷ்டம் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில், உயிர்த்தெழுந்த ஞாயிறன்றும் அம்மா உட்கார்ந்திருந்தால் கமிட்டியை விட்டுவிடுவதாகவும், கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வீட்டுப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப்போடுவதாகவும் சொன்னார். அப்பா வீண் பேச்சு பேசுகிறவர் இல்லை. என் பள்ளிக்கூடம், குழாயடி, ரயில் சத்தம் எல்லாம் அம்மாவின் இரண்டு முழங்காலில் வந்து நின்றன.

அந்த மாதங்களில் அம்மா செய்த காரியங்கள்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆன்டி வீட்டில் இல்லை. அம்மா ஓடிப்போய்க் கொடியில் இருந்த நம் துணியோடு அவர்கள் துணியையும் அள்ளி வந்தார். வந்ததோடு விடவில்லை. அங்கிளின் யூனிபார்மை உதறி, மடித்து, ஈரமான இரண்டு சட்டைகளை நம் வீட்டுக்குள்ளேயே விரித்துப் போட்டு, காய்ந்ததும் என்னிடம் கொடுத்து அவர்கள் வாசல்படியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

"அவங்க மேல கோவம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோவம் அவங்க மேலதான். துணி மேல என்ன கோவம்? துணி பாட்டுக்குத் தொங்குது."

இன்னொரு நாள் போதகர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டு, மெல்லத் தொடங்கினார். கிறிஸ்தவர்கள் நாம், நமக்கு வேறு வழி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். தம்பி அம்மாவின் மடியில் இருந்தான். கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. சாயந்திரம் சாயந்திரம் தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போதகர் பேசப் பேச அம்மா அதைச் செய்துகொண்டிருந்தார். தம்பி அழுகிற அழுகையில் போதகர் பாதி வார்த்தையை முழுங்க வேண்டியதாயிற்று.

"வாயில மன்னிச்சாச்சு ஐயா," என்றார் அம்மா. "வயித்துல இன்னும் வரல. தெனம் இந்த வெரல நிமித்தறப்ப திரும்பவும் எரியுது. எரியறத வெச்சுக்கிட்டு அங்க வந்து முழங்கால் போட்டா, ஆண்டவருகிட்ட பொய் சொல்ற மாதிரி. பொய் சொல்றவங்களப் பாத்துத்தானே எனக்குக் கோவமே."

போதகர் இன்னொரு கோப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "சரிம்மா, உக்காந்தே இருங்க. ஆனா சும்மா உக்காராதீங்க. அந்த நேரத்துல அவங்களுக்காக ஒண்ணே ஒண்ணு கேளுங்க," என்றார்.

"என்ன கேக்க? எனக்கு ஒண்ணும் வராதே."

"வர்றதக் கேளுங்க."

மார்ச் மாதத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன கேட்டீங்க என்று விசாரித்தேன். ஆன்டிக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிற வியாதி இருந்தது. "அவங்க காலு நல்லா இருக்கட்டும்னு கேட்டேன். அதுக்கு மேல மனசு வரல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால், அதற்கு ஈடான ஒரு ஜெபத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. அம்மா பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். தலையைத் தூக்கிச் சுவருக்கு மேல் இருந்த அந்தத் திறப்பைப் பார்த்தார்.

"அங்க தாளிக்கிற சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு?"

நானும் யோசித்தேன். உண்மைதான். கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, வெங்காயம் வதங்குகிற வாசனை இல்லை, நெத்திலி இல்லை. பண்டிகை முடிந்ததிலிருந்தே அந்தப் பக்கம் ஊமையாகத்தான் இருந்தது. நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்வருவேன். பிள்ளைகளுக்கு யாரும் தடை போடவில்லை. ஆன்டி வீட்டில் என்ன சாப்பாடு என்று அம்மா கேட்டார். அவித்த மீன், அவித்த முட்டை, தாளிக்காத ரசம், மற்றபடி அங்கிள் வெளியே வாங்கிவருவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எண்ணெய் காய்ந்தால் ஆன்டிக்குக் கை நடுங்குகிறதாம், சட்டியையே தூக்கிப் போட்டுவிட்டாராம். அங்கிள் அதை அப்பாவிடம் வேலையிடத்தில் சொல்லி, அப்பா அம்மாவிடம் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டிருக்கிறார். அதுவும் பிறகுதான் வெளியே வந்தது.

அம்மா மீன் செதில் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று சாயந்திரம் தம்பிக்கு விரல் நிமிர்த்தும் வேலையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். அந்த அழுகை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததை அதுவரை அவர் நினைத்துப் பார்க்கவில்லை போலும். அவ்வளவு புழுக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வியர்த்து ஒழுகினோம்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு வந்தது. சபை முழுக்க வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ, கஞ்சி போட்ட சட்டை வாசனை. நடந்து போகும்போது, இன்றைக்கு எழுந்து போவீர்களா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். மாற்றலுக்கு எழுத வேண்டிய தாள் வாங்கியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வரிசையின் முறை வந்தது. அம்மா எழுந்தார். வலது பக்கத்தில் அப்பா கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. அம்மா முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, என்ன தோன்றியதோ, பின்னால் திரும்பினார். மூன்று வரிசைக்கு அப்பால் எல்லாரும் எழுந்துவிட்ட பெஞ்சில் ஆன்டி தனியாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வேதப் புத்தகத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல்.

அம்மா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் வரிசைகள் போவதும் வருவதுமாக இருந்தன. பாட்டு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையும் முழங்காலிட்ட பிறகு அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பின்னால் போய் ஆன்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

"நீங்க ஏன்க்கா உக்காந்துட்டீங்க?"

ஆன்டி தம்பியின் கையைப் பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"நீ மாசாமாசம் உக்காந்திருக்க. நான் எந்திரிச்சுப் போறேன். போன தரம் அந்தச் சின்னக் கிளாஸத் தூக்க முடியல தங்கச்சி." பிறகு, "சட்டி அடுப்பு மேல இல்ல. நான்தான் எறக்கிக் கீழ வெச்சேன். கோப்பி போட அடுப்பு வேணும்னு. ஒரு கோப்பிக்காக," என்றார்.

"தெரியும்க்கா. அன்னைக்கே தரையில பாத்தேன்."

"தெரிஞ்சுமா யாருகிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா அது சண்டை. நீங்க சொல்லி ஒரு தரம் கேக்கணும்னு இருந்துச்சு."

ஆன்டிக்கு அழுகை உடைந்துவிட்டது. பாட்டில் அது கரைந்துபோனதால் முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பியைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தார்.

"புடிங்க. எனக்கு முக்காடு நழுவுது."

அதற்குள் முன்னால் எல்லாம் முடிந்திருந்தது. போதகர் அப்பத்தட்டையும் கிளாஸ் தட்டையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு முடிவு ஜெபத்துக்குத் திரும்பியிருந்தார். நடுப் பாதையில் இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்தார். ஒருவர் நரம்பு சுருட்டிய காலை இழுத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு. இன்னொருவர் அந்த நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு. பாட்டு பாதியில் தேய்ந்து நின்றது. போதகர் திரும்பிப் போய் அந்தத் துணியை எடுத்து நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். சபை முழுவதும் நின்றபடி காத்திருந்தது. ஆன்டி முழங்காலிட்டபோது தம்பியை இறக்கிவிடவில்லை. அவனும் முழங்காலிடும் இடத்துக்கு முன்னால் இருந்த பலகையின் மேல் தன் சுருண்ட விரல்களை வைத்துக்கொண்டு பெரியவர்கள் மாதிரி தலையைக் குனித்துக்கொண்டான். அப்பா வலது பக்கத்தில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், புழுக்கம்தான் காரணம் என்பதுபோல.

அடுத்த வாரம் ஆன்டி தானாகவே சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னார். அம்மாவுக்குப் புத்தி சொன்னவர்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மற்றவர்கள் மறந்துவிட்ட மாதிரி இருந்துவிட்டார்கள். அம்மா அதையும் கேட்கவில்லை. தம்பி பூச்சோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறை நடத்தி இப்போது மகனிடம் விட்டிருக்கிறான். சுண்டு விரல் ஒன்று மட்டும் இன்றைக்கும் முழுக்க நிமிராது. மற்ற நாலும் நிமிர்ந்தவை. அந்த ஞாயிறுக்குப் பிறகு சாயந்திரத்தில் அம்மா இரண்டு விரலும் ஆன்டி இரண்டு விரலுமாகப் பிடித்து நிமிர்த்தியவை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று வீட்டுக்குத் திரும்பிய வழியைப் பற்றித்தான். வெயில் ஏறியிருந்தது. ஆன்டி தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார், அங்கிளும் அப்பாவும் அவருக்கு முன்னால். நானும் அம்மாவும் கடைசி.

"எல்லாம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எங்க போகும். கொஞ்சம் இருக்கு," என்றார் அம்மா. "முழுசாப் போனப்புறம்தான் முன்னால போகணும்னு இத்தன நாளா உக்காந்திருந்தேன். கொஞ்சம் இருக்கறப்பவே போகலாம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு வேகமாக நடந்து ஆன்டியை எட்டிப்பிடித்தார். கால் வலிக்குமே, பிள்ளையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

ஆன்டி கொடுக்கவில்லை. பிள்ளை தூங்கிவிட்டான், எழுப்ப வேண்டாம் என்றார்.